ஒரு மருந்துக்கு எத்தனை காப்புரிமைகள்?

கேள்வி: ரத்தப் புற்றுநோய்க்காக என் தாயார் இமாட்டினிப் மாத்திரை உட்கொண்டு வருகிறார். அதன் காப்புரிமை 2015-இல் முடிந்தது என்று ஓரிடத்திலும், 2019-இல் என்று வேறோரிடத்திலும், இந்தியாவில் காப்புரிமையே கிடைக்கவில்லை என்று மற்றோரிடத்திலும் படித்தேன். எது உண்மை? இத்தகைய விவரங்களை நாமே தேடிச் சரிபார்க்க முடியுமா?

பதில்: தாங்கள் படித்த மூன்றும் உண்மையே. மருந்து ஒன்றுதான் என்றாலும், அதன் மூலக்கூறு, உப்பு, படிக வடிவம் (திடநிலையில் மூலக்கூறுகள் அடுக்கப்பட்டிருக்கும் விதம்), மாத்திரையின் கலவை, எந்த நோய்க்குத் தருவது என்ற பயன்பாடு, தயாரிப்பு முறை ஆகிய ஒவ்வொன்றுக்கும் தனித்தனியே காப்புரிமை கோரலாம். நாட்டுக்கு நாடு அவற்றின் கதியும் மாறும்.

அமெரிக்காவில் இமாட்டினிப் மூலக்கூறுக்கான 5,521,184 என்ற எண்ணுள்ள காப்புரிமை 1996 மே 28 அன்று வழங்கப்பட்டது. அன்றைய விதிப்படி 17 ஆண்டுகள் கழித்து 2013 மே மாதத்தில் அது முடிந்திருக்க வேண்டும். ஆனால் மருத்துவச் சோதனைகளிலும் அரசின் பரிசீலனையிலும் கழிந்த காலத்துக்கு ஈடாக 2015 ஜனவரி 4 வரை அது நீட்டிக்கப்பட்டது. குழந்தைகளிடம் ஆய்வு செய்ததற்காக மேலும் ஆறு மாதங்கள் கிடைத்தன. தாங்கள் கண்ட 2015 இதுதான். 2019 என்பது அம்மருந்தின் 'பீட்டா' படிக வடிவத்துக்கான 6,894,051 என்ற பிற்காலக் காப்புரிமையைக் குறிக்கும். இவ்விரண்டு தேதிகளுக்கும் இடையில், வழக்கில் ஏற்பட்ட சமரசத்தின் பயனாக, 2016 பிப்ரவரியிலேயே அங்கு ஜெனரிக் மாத்திரை, அதாவது அதே மருந்தை வேறொரு நிறுவனம் தயாரித்த மாத்திரை, விற்பனைக்கு வந்துவிட்டது. ஆகவே காகிதத்தில் உள்ள தேதியை மட்டும் வைத்துக்கொண்டு விலை குறையும் நாளைக் கணிக்க இயலாது.

இந்தியாவிலோ 2005-க்கு முன்பு மருந்துப் பொருளுக்கே காப்புரிமை வழங்கும் வழக்கம் இல்லை. தயாரிப்பு முறைக்கு மட்டுமே வழங்கினார்கள். பீட்டா படிக வடிவத்துக்காக 1998-இல் சென்னைக் காப்புரிமை அலுவலகத்தில் அளிக்கப்பட்ட விண்ணப்பத்தை, குணப்படுத்தும் திறன் கூடியதாக நிரூபிக்கப்படவில்லை என்று கூறி, ஏற்கெனவே அறிந்த பொருளின் புது வடிவத்துக்குத் திறன் கூடினால் மட்டுமே உரிமை தரும், காப்புரிமைச் சட்டத்தின் 3(டி) பிரிவின் கீழ் உச்ச நீதிமன்றம் 2013 ஏப்ரல் 1 அன்று நிராகரித்தது.

இனித் தேடும் முறை. அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பின் 'ஆரஞ்சு புக்' பட்டியலில் தொடங்குங்கள். மருந்தின் பெயரைக் கொடுத்தால் காப்புரிமை எண்களும் காலாவதித் தேதிகளும் கிடைக்கும். எனினும் தயாரிப்பு முறைக் காப்புரிமைகள் அதில் இடம்பெறுவதில்லை, காலம் முடிந்தவையும் நீக்கப்பட்டுவிடும் என்பதால், அதில் இல்லாததைக் காப்புரிமையே இல்லாததாகக் கொள்ளக் கூடாது. கிடைத்த எண்ணை ஐரோப்பியக் காப்புரிமை அலுவலகத்தின் 'எஸ்பாசெனெட்' தளத்தில் இட்டால், அதே கண்டுபிடிப்புக்கு வெவ்வேறு நாடுகளில் அளிக்கப்பட்ட விண்ணப்பங்கள் ஒரு குடும்பமாக வந்து நிற்கும்.

பலர் தடுமாறுவது பெயரில்தான். மேலே சொன்ன மூலக் காப்புரிமையின் தலைப்பில் இமாட்டினிப் என்ற சொல்லே கிடையாது. பைரிமிடின் வழிப்பொருள்களும் அவற்றைத் தயாரிக்கும் முறைகளும் என்றுதான் இருக்கும். மருந்துக்குப் பொதுப்பெயர் சூட்டப்படுவதற்கு முன்பே விண்ணப்பம் போய்விடுகிறது. அதனால் பெயரை மட்டும் தட்டித் தேடுபவருக்கு அடிப்படை ஆவணமே அகப்படாமல் போகலாம். வேதிப் பெயரைக் கொண்டோ, மூலக்கூறின் வடிவத்தைக் கொண்டோ தேட வேண்டும். ஆவணம் கிடைத்ததும் சுருக்கத்தைப் படித்துவிட்டு நிறுத்திவிடாமல், இறுதியில் எண்ணிட்டுத் தரப்பட்டுள்ள உரிமைக்கோரல்களில் முதலாவதைச் சொல் சொல்லாகப் படியுங்கள். சட்டம் காப்பது அங்கே எழுதப்பட்டிருப்பதை மட்டுமே. படிக வடிவத்துக்கான உரிமையை மருந்து முழுவதற்குமான உரிமை என்று நினைத்து நோயாளியின் குடும்பத்தார் கலங்குவதைக் காணும்போதெல்லாம் எனக்கு வேதனையாக இருக்கிறது.

இந்தியக் காப்புரிமை அலுவலகத்தின் தேடுதளத்தில், அது வெறும் விண்ணப்பமா, வழங்கப்பட்டதா, புதுப்பிப்புக் கட்டணம் செலுத்தப்பட்டு நடப்பில் உள்ளதா என்ற மூன்றையும் பாருங்கள். தங்கள் தாயாரின் மருந்தைப் பொறுத்தவரை, இந்தியாவில் பல நிறுவனங்கள் இமாட்டினிப்பை ஜெனரிக் மருந்தாகத் தயாரிக்கின்றன. எந்த நிறுவனத்தின் மாத்திரைக்கு மாறலாம் என்பதை அவருடைய புற்றுநோய் மருத்துவரிடம் கேட்டு முடிவு செய்யுங்கள்.