வாங்கும் முன்: கணக்குச் செயலிக்குச் சந்தா கட்டலாமா?

கேள்வி: வீட்டு வரவு-செலவு எழுத ஒரு செயலியை மூன்று வருடமாகப் பயன்படுத்துகிறேன். இதுவரை இலவசம். இப்போது வருடச் சந்தா கேட்கிறார்கள். கட்டிவிடலாமா, வேறு செயலிக்கு மாறலாமா?

பதில்: இரண்டையும் முடிவு செய்வதற்கு முன்னால் ஒரு வேலை இருக்கிறது. செயலியின் அமைப்புகளுக்குள் போய் ‘எக்ஸ்போர்ட்’ (தரவை வெளியே எடுக்கும் வசதி) என்று எங்காவது இருக்கிறதா பாருங்கள். இருந்தால் மூன்று வருடக் கணக்கையும் சிஎஸ்வி கோப்பாக (எந்த அட்டவணை மென்பொருளும் படிக்கக்கூடிய எளிய உரைக் கோப்பு) இறக்கி, அதைத் திறந்தும் பாருங்கள். தேதி, தொகை, வகை, நீங்கள் எழுதிய குறிப்பு எல்லாம் தனித்தனிக் கட்டத்தில் வந்திருக்க வேண்டும். பிடிஎஃப் மட்டும்தான் கிடைக்கும் என்றால் அது பார்க்க அழகாக இருக்கும், இன்னொரு செயலியில் ஏற்ற உதவாது. எக்ஸ்போர்ட்டே இல்லையென்றால் உங்கள் கேள்விக்குப் பதில் கிடைத்துவிட்டது: பணம் கட்ட வேண்டாம், இன்றிலிருந்து வேறு இடத்தில் எழுத ஆரம்பியுங்கள்.

இவ்வளவு பதற்றம் எதற்கு என்று தோன்றும். அமெரிக்காவில் 2007-ல் வந்த மின்ட் என்ற சேவையைப் பாருங்கள். வங்கிக் கணக்கை இணைத்துவிட்டால் செலவுகளைத் தானே வகை பிரித்துக் காட்டும். முழுக்க இலவசம். 2009-ல் அதை இன்ட்யூட் நிறுவனம் வாங்கியது, 2024 மார்ச்சில் மூடிவிட்டது. பத்து, பதினைந்து வருடக் கணக்கு வைத்திருந்தவர்கள் கடைசி வாரங்களில் அவசர அவசரமாகக் கோப்பு இறக்கினார்கள். மின்ட்டின் வருமானம் எங்கிருந்து வந்தது தெரியுமா? கடன் அட்டை, கடன் திட்டங்களைப் பரிந்துரைத்துக் கிடைத்த தரகிலிருந்து. செலவைக் குறைக்கச் சொல்லும் செயலிக்குக் கடன் அட்டைதான் சோறு போட்டது!

அதே 2009-ல் மைக்ரோசாஃப்ட், ‘மணி’ (Money) என்ற தன் வரவு-செலவுக் கணக்கு மென்பொருளின் விற்பனையை நிறுத்தியது. ஆனால் அது பயனரின் கணினியிலேயே ஓடிய மென்பொருள். மறு வருடம் ‘சன்செட்’ என்ற கடைசிப் பதிப்பை இலவசமாகவே கொடுத்துவிட்டார்கள். விற்பனை நின்ற பிறகும் பலர் அதில் வருடக்கணக்கில் கணக்கு எழுதினார்கள். இரண்டும் செத்த மென்பொருள்தான். ஒன்றில் கோப்பு நம் வட்டில் இருந்தது, இன்னொன்றில் இல்லை.

ஆகவே சந்தா கேட்பதைக் குற்றமாக நான் பார்க்கவில்லை. காசு வாங்கிக்கொண்டு வேலை செய்பவரிடம் எனக்கு நம்பிக்கை கொஞ்சம் அதிகம்தான். வாரம் ஒரு முறையாவது செயலியைத் திறந்து, எங்கே அதிகம் போயிற்று என்று பார்த்து, அடுத்த வாரம் கையை இறுக்குகிறவராக இருந்தால் கட்டுங்கள். எழுதுவதோடு சரி, திரும்பிப் பார்ப்பதே இல்லை என்றால் ஒரு விரிதாள் (ஸ்ப்ரெட்ஷீட்) போதும். எக்ஸெல் வேண்டாம் என்றால் லிப்ரேஆபீஸ் இலவசம். ஒவ்வொரு தொகையையும் பற்று, வரவு என்று இரு பக்கமும் எழுதும் முறையான இரட்டைப் பதிவுக் கணக்கு வேண்டுமானால் குனூகேஷ் என்ற இலவச மென்பொருள் இருக்கிறது. அதன் முதல் பதிப்பு 1998-ல் வந்தது, இன்றும் உயிரோடு இருக்கிறது. பழகச் சிரமப்படுத்தும் என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

விரிதாளில் ஒரு வேடிக்கை. 2020-ல் இங்கிலாந்தில் ஏறக்குறைய 16,000 கொரோனா தொற்றுகள் பட்டியலிலிருந்து விடுபட்டுப் போயின. எக்ஸெலின் பழைய எக்ஸ்எல்எஸ் வகைக் கோப்பில் 65,536 வரிக்கு மேல் இடமில்லை என்பதுதான் காரணம். நீங்கள் பயப்பட வேண்டாம். தினம் பத்து வரி எழுதினாலும் அந்த எல்லையைத் தொட 18 வருடம் ஆகும்.

கேள்வி: ‘ஒரே முறை கட்டுங்கள், ஆயுள் முழுதும் பயன்படுத்துங்கள்’ என்று ஒரு மேகச் சேமிப்பு (கிளவுட்) நிறுவனம் விளம்பரம் செய்கிறது. நம்பலாமா?

பதில்: யாருடைய ஆயுள் என்று கேளுங்கள். பெரும்பாலும் அது உங்கள் ஆயுள் அல்ல, அந்தச் சேவையின் ஆயுள். உங்கள் கணினியிலேயே ஓடுகிற மென்பொருள் என்றால் ஒரே முறை விலை நியாயம். கோப்புகளைத் தன் சர்வரில் வைத்துக் காக்கிற நிறுவனத்துக்கு மாதாமாதம் மின்சாரச் செலவும் வட்டுச் செலவும் உண்டு. ஒரு முறை வாங்கிய காசு தீர்ந்ததும் அடுத்த வாடிக்கையாளரின் காசில்தான் உங்கள் படங்களைக் காக்க வேண்டும். ஆயுள் விலையை வருடச் சந்தாவால் வகுத்துப் பாருங்கள். இரண்டு, மூன்று வருடத்துக்குள் போட்ட பணம் ஈடாகிவிடும் என்றால் துணியலாம், அதுவும் வேறு இடத்தில் இன்னொரு பிரதி இருந்தால் மட்டும்.

‘வாங்கு’ என்ற பொத்தானையும் அப்படியே நம்பாதீர்கள். டிஜிட்டல் பொருளை விற்பவர், கொடுப்பது வெறும் உரிமம்தான் என்று தெளிவாகச் சொல்லாமல் அந்தச் சொல்லைப் பயன்படுத்தக் கூடாது என்று கலிஃபோர்னியாவில் 2025 முதல் சட்டமே இருக்கிறது.

கேள்வி: ஏழு நாள் இலவசம் என்று ஒரு செயலியில் சேர்ந்தேன். பிடிக்கவில்லை, அன்றே அழித்துவிட்டேன். ஆனாலும் பணம் எடுத்துவிட்டார்கள். எப்படி?

பதில்: செயலியை அழித்தால் சந்தா அழியாது. ஆப் ஸ்டோர் அல்லது பிளே ஸ்டோர் வழியாகச் சேர்ந்திருந்தால் அந்த ஸ்டோரின் ‘சந்தாக்கள்’ பகுதிக்குப் போய் ரத்து செய்ய வேண்டும். நிறுவனத்தின் இணையதளத்தில் சேர்ந்திருந்தால் அங்கேதான். எடுத்த பணத்தை இன்றே அதே இடத்தில் திருப்பிக் கேளுங்கள். நாள் கடந்தால் வாய்ப்பு குறையும்.

நானும் இதில் ஏமாந்தவன்தான். படம் திருத்தும் செயலி ஒன்றைப் பதினொரு மாதம் திறக்கவே இல்லை, பதினொரு மாதமும் சந்தா போயிருந்தது. அட்டைக் கணக்கில் அந்த நிறுவனத்தின் பெயர் வேறு மாதிரி இருந்ததால் ஏதோ இணையக் கட்டணம் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். இப்போதெல்லாம் இலவசக் காலத்தில் சேர்ந்த அதே நிமிடம் ரத்தும் செய்துவிடுகிறேன். பெரும்பாலான சேவைகளில் ரத்து செய்தாலும் மீதி நாட்கள் ஓடும். உடனே நின்றுவிடும் என்றால் ரத்து செய்யும் திரையிலேயே சொல்வார்கள், படித்துவிட்டு அழுத்துங்கள்.

இன்னொரு பொறி ‘வருட ஒப்பந்தம், மாதத் தவணை’. மாதச் சந்தா போலவே தெரியும், நடுவில் விலகினால் அபராதம். இந்த அபராதத்தை மறைத்து விற்றதாகத்தான் 2024 ஜூனில் அமெரிக்க அரசு அடோபி நிறுவனத்தின் மீது வழக்குத் தொடுத்தது.

கேள்வி: எந்தப் பங்கை வாங்கலாம் என்று செயற்கை நுண்ணறிவுச் செயலியிடம் கேட்கலாமா?

பதில்: ஒரு நிதித் திட்டத்தின் விதிமுறையில் புரியாத பத்தி இருந்தால் விளக்கச் சொல்லுங்கள், நன்றாகவே செய்யும். எதை வாங்கலாம் என்று கேட்காதீர்கள். வங்கி அறிக்கையை அப்படியே ஒட்டவும் வேண்டாம்.

கேள்வி: என் மடிக்கணினிக்கு ஒன்பது வயது. விண்டோஸ் 11 ஏற்காது என்கிறது. தம்பி மகன் புதிது வாங்கச் சொல்கிறான். நன்றாகத்தானே ஓடுகிறது?

பதில்: பையன் சொல்வது பாதி சரி. விண்டோஸ் 10-க்கான ஆதரவு 2025 அக்டோபர் 14-உடன் முடிந்தது. கணினி நின்றுவிடாது, ஆனால் புதிதாகக் கண்டுபிடிக்கப்படும் பாதுகாப்பு ஓட்டைகளை யாரும் அடைத்துத் தர மாட்டார்கள். ஒரு விதிவிலக்கு: வீட்டுப் பயனர்கள் பதிவு செய்துகொண்டால் 2026 அக்டோபர் 13 வரை பாதுகாப்புப் புதுப்பிப்பு தருவதாக மைக்ரோசாஃப்ட் அறிவித்தது. அதற்குப் பிறகு அந்தக் கணினியில் வங்கி வேலை பார்க்காதீர்கள்.

இணையம், மின்னஞ்சல், கடிதம் எழுதுவது, இவ்வளவுதான் வேலை என்றால் விண்டோஸுக்குப் பதிலாக லினக்ஸ் மின்ட் என்ற இலவச இயங்குதளத்தைப் போட்டுப் பாருங்கள். (மேலே செத்துப்போன மின்ட்டுக்கும் இதற்கும் ஒட்டும் இல்லை, உறவும் இல்லை.) ஒரு யுஎஸ்பி குச்சியில் ஏற்றி, வட்டைத் தொடாமலே சோதிக்கலாம். வைஃபை, ஒலி, பிரிண்டர் மூன்றும் வேலை செய்தால் துணிந்து மாறலாம். விண்டோஸில் மட்டும் ஓடும் மென்பொருள் ஏதாவது உங்களுக்குக் கட்டாயம் என்றால் பையன் சொன்னதைக் கேட்டுவிடுங்கள்.

கேள்வி: போர், தேர்தல், இறக்குமதி வரி என்று தினம் ஒரு செய்தி. சந்தை இறங்கும்போதெல்லாம் சந்தைக் குறியீட்டை அப்படியே பின்பற்றும் என் இண்டெக்ஸ் ஃபண்டை விற்றுவிடலாமா என்று கை துடிக்கிறது. மகளின் கல்லூரிப் பணமும் அதில்தான் இருக்கிறது, இன்னும் இரண்டு வருடத்தில் தேவை.

பதில்: 2020-ல் பிப்ரவரி 19-க்கும் மார்ச் 23-க்கும் நடுவே அமெரிக்காவின் எஸ் அண்ட் பி 500 குறியீடு 34 சதவீதம் விழுந்தது. செய்தி பார்த்து விற்றவர்கள் அப்போது புத்திசாலியாகத் தெரிந்தார்கள். ஆகஸ்ட்டிலேயே குறியீடு பழைய உச்சத்தைத் தாண்டியது, தொற்று அப்போதும் ஓயவில்லை. விற்பவர் இரண்டு முறை சரியாகக் கணிக்க வேண்டும்: எப்போது வெளியேறுவது, எப்போது திரும்பி வருவது. இரண்டாவதில்தான் நிறையப் பேர் கோட்டை விடுகிறார்கள்.

‘பொறுத்தால் எப்போதும் ஏறும்’ என்று சொல்பவர்களையும் நம்பாதீர்கள். ஜப்பானின் நிக்கேய் குறியீடு 1989 டிசம்பரில் தொட்ட உச்சத்தை மறுபடி தாண்டியது 2024 பிப்ரவரியில். 34 வருடம்! அந்த உச்சத்தில் மகள் படிப்புக்காகப் பணம் போட்டவரின் பேத்தியே படித்து முடித்திருப்பாள்.

அதனால் உங்கள் ஃபண்டை இரண்டாகப் பாருங்கள். பதினைந்து வருடம் கழித்துத் தேவைப்படும் பணத்தைத் தொடாதீர்கள், செயலியின் விலை அறிவிப்புகளையும் அணைத்துவிடுங்கள். கல்லூரிப் பணத்தைச் சந்தை ஏறினாலும் இறங்கினாலும் இந்த மாதமே வங்கி வைப்பு நிதிக்கு மாற்றிவிடுங்கள். மாற்றும் முன், விலகல் கட்டணம் உண்டா, லாபத்துக்கு வரி எவ்வளவு என்ற இரண்டையும் ஃபண்ட் ஆவணத்தில் பார்த்துக்கொள்ளுங்கள்.