தம்பியின் ராணுவ விடுவிப்புச் சான்றை மாற்ற முடியுமா?

கேள்வி: என் தம்பி மேற்படிப்புக்காக அமெரிக்கா வந்தவன். தமிழ் போன்ற மொழிகள் தெரிந்தவர்களை ராணுவத்தில் சேர்க்கிறார்கள் என்று கேள்விப்பட்டு, படிப்பைப் பாதியில் விட்டு 'மாவ்னி' திட்டத்தில் சேர்ந்தான். 2010 ஜனவரியில் பயிற்சி தொடங்கியது. அந்த ஆண்டே ராணுவப் பணியின் பேரில் குடியுரிமையும் கிடைத்தது. 2011-12இல் பத்து மாதம் ஆப்கானிஸ்தானில் இருந்தான். திரும்பியதிலிருந்து தூக்கமில்லை, யாரோடும் பேச்சில்லை. முகாம் மருத்துவரிடம் ஒருமுறை போய்த் தூக்க மாத்திரை வாங்கியதாகச் சொல்கிறான். பிறகு சிறுநீர்ப் பரிசோதனையில் கஞ்சா தெரிந்தது. நாற்பது நாள் சொல்லாமல் முகாமை விட்டுப் போயிருக்கிறான். 2013 செப்டம்பரில் 'அதர் தேன் ஆனரபிள்' (மதிப்புக்குரியதல்லாத விடுவிப்பு) என்று போட்டு அனுப்பிவிட்டார்கள். ஆறு மாதத்தில் தானாகச் சரியாகிவிடும் என்று யாரோ சொன்னதை நம்பிக் கையெழுத்துப் போட்டானாம். இன்றுவரை அம்மாவுக்கு எதுவும் தெரியாது. இதை மாற்ற வழி உண்டா? மறுபடி படிக்க வேண்டும் என்கிறான்.
ஒரு அக்கா, நியூ ஜெர்சி

பதில்:

அன்புள்ள சகோதரிக்கு,

வழி உண்டு. ஆனால் தானாக எதுவும் மாறாது. ஆறு மாதக் கதை அமெரிக்க முகாம்களில் வெகுகாலமாக உலவும் பொய். அதை நம்பி உரிமைகளை விட்டுக்கொடுத்துக் கையெழுத்திட்டவர்கள் ஏராளம். விண்ணப்பித்து, ஆதாரம் காட்டி, ஒரு குழுவை ஏற்கவைத்தால்தான் சான்று மாறும். அதற்குக் கெடுவும் இருக்கிறது: விடுவிக்கப்பட்ட நாளிலிருந்து 15 ஆண்டு. உங்கள் தம்பிக்கு அது 2028 செப்டம்பரில் முடிகிறது.

முதலில் ஒன்றை அவரிடம் சொல்லுங்கள். அவருக்குக் கிடைத்தது நிர்வாக முறையிலான விடுவிப்பு. ராணுவ நீதிமன்றம் விசாரித்துத் தண்டிக்கும் 'பேட் கான்டக்ட்', 'டிஸ்ஆனரபிள்' என்ற இரண்டு வகை விடுவிப்புகளும் வேறு. அவர் மீது குற்றத் தீர்ப்பு எதுவும் இல்லை. பல ஆண்டுகளாக வெட்கத்தில் ஒதுங்கி இருப்பவர்களுக்கு இந்த வேறுபாடே தெரிவதில்லை.

அவருடைய விண்ணப்பம் போக வேண்டிய இடம் ராணுவத்தின் விடுவிப்பு மறுஆய்வுக் குழு. படிவம் டிடி 293. கட்டணம் கிடையாது. 15 ஆண்டைத் தாண்டியவர்களும், பொது ராணுவ நீதிமன்றத்தில் தண்டிக்கப்பட்டவர்களும் டிடி 149 படிவத்தோடு பதிவுத் திருத்தக் குழுவுக்குத்தான் போக முடியும். மறுஆய்வுக் குழு சான்றை இருப்பதைவிட மோசமாக்க முடியாது. விண்ணப்பித்தால் இருப்பதும் போய்விடுமோ என்று பயந்து உட்கார்ந்திருக்க வேண்டாம்.

அதற்காகப் படிவத்தை இன்றே நிரப்பி அனுப்பிவிடாதீர்கள். தோற்கும் விண்ணப்பங்களில் பல ஒரு பக்கக் கடிதத்தோடு போனவை. முதலில் கோப்பை வரவழைக்க வேண்டும். செயின்ட் லூயிஸ் நகரில் உள்ள தேசியப் பணியாளர் ஆவண மையத்துக்கு எஸ்எஃப் 180 படிவத்தில் தம்பியே கையெழுத்திட்டுக் கேட்க வேண்டும். அவர் உயிரோடு இருக்கும்போது நீங்கள் கேட்டால் தரமாட்டார்கள். 'முழுப் பணிக்கோப்பு, விடுவிப்பு நடவடிக்கைத் தாள்கள் அனைத்தும் உட்பட' என்று தெளிவாக எழுதச் சொல்லுங்கள். எழுதாவிட்டால் டிடி 214 என்னும் விடுவிப்புச் சான்றின் நகல் மட்டும் வந்து சேரும். அவர் காலத்தில் வெளியேறியவர்களின் மருத்துவக் கோப்பு முன்னாள் படைவீரர் துறையான வி.ஏ.விடம் இருக்கும். அதைத் தனியாகக் கேட்க வேண்டும்.

கோப்பு வந்ததும் மூன்று இடங்களைப் பாருங்கள். முதலாவது, சிறுநீர்ப் பரிசோதனைத் தாள். எந்த அடிப்படையில் மாதிரி எடுத்தார்கள் என்பதற்கு அதில் இரண்டெழுத்துக் குறியீடு இருக்கும். பிரிவு முழுவதற்கும் நடந்த சோதனை என்றால் ஒரு குறியீடு, குலுக்கலில் வந்தது என்றால் வேறொன்று. அது 'சிஓ' என்றோ 'ஆர்ஓ' என்றோ இருந்தால் உடனே வழக்கறிஞரிடம் காட்டுங்கள். 'சிஓ' என்பது பணிசெய்யும் நிலையில் இருக்கிறாரா என்று அறிய மேலதிகாரி எடுக்கச் சொன்ன சோதனை. 'ஆர்ஓ' போதை மறுவாழ்வுத் திட்டத்தில் எடுத்தது. இவ்விரண்டு வகை முடிவுகளையும் விடுவிப்பின் தரத்தைக் குறைக்கப் பயன்படுத்தக் கூடாது என்பது தரைப்படையின் சொந்த விதி. விடுவிப்பு நடவடிக்கையில் ராணுவமே அந்த முடிவை ஆதாரமாக வைத்திருந்தால் 'ஆனரபிள்' என்ற மதிப்புக்குரிய விடுவிப்பைத் தந்திருக்க வேண்டும். இந்த ஒரு குறியீட்டால் வென்ற வழக்குகள் உண்டு.

இரண்டாவது, மருத்துவப் பரிசோதனை. 2009 இறுதியில் வந்த சட்டப்படி, முந்தைய 24 மாதத்துக்குள் போர்ப் பணிக்காக வெளிநாடு போய் வந்த ஒருவர், பி.டி.எஸ்.டி. எனப்படும் போர் மனஅதிர்ச்சியோ தலையில் உள்காயமோ இருப்பதாகக் கண்டறியப்பட்டாலோ, தகுந்த காரணத்தோடு அப்படிச் சொன்னாலோ, அவரை இத்தகைய நிர்வாக விடுவிப்பில் அனுப்புமுன் அதற்கான பரிசோதனை செய்தாக வேண்டும். தம்பி 2012இல் திரும்பி 2013இல் வெளியேற்றப்பட்டவர். அந்த 24 மாதத்துக்குள்தான் வருகிறார். தூக்க மாத்திரை வாங்கிய நாளில் மருத்துவர் என்ன குறித்தார், அது மேலதிகாரிக்குத் தெரிந்ததா, விடுவிப்புக்கு முன் நடந்த மனநலச் சோதனைத் தாளில் ஆப்கானிஸ்தான் என்ற பெயராவது இருக்கிறதா என்று பாருங்கள். எல்லாக் கட்டத்திலும் 'குறையில்லை' என்று டிக் மட்டும் அடித்திருந்தால் அதுவும் உங்களுக்கு ஆதாரமே.

மூன்றாவது, அவர் கையெழுத்திட்ட உரிமைத் துறப்புத் தாள். இத்தகைய விடுவிப்புக்கு முன் ஒரு குழுவின் முன் நின்று பேசும் உரிமை அவருக்கு இருந்தது. ராணுவ வழக்கறிஞரைப் பார்த்த தேதியும் வழக்கறிஞரின் கையெழுத்தும் அந்தத் தாளில் உண்டா என்று கவனியுங்கள்.

இவை நடைமுறைப் பிழைகள். எதுவும் இல்லாமல் போனாலும் வழக்கு முடிந்துவிடாது. உங்கள் தம்பிக்கு இன்னும் வலுவான பாதை, 2014 செப்டம்பர் 3 அன்று அப்போதைய பாதுகாப்பு அமைச்சர் சக் ஹேகல் வெளியிட்ட குறிப்பாணையோடு தொடங்கியது. மனஅதிர்ச்சி உள்ளவர்களின் விண்ணப்பங்களைத் தாராளமாக அணுக வேண்டும் என்றது அது. 2017 ஆகஸ்ட் 25இல் பாதுகாப்புத் துறை அதிகாரி குர்ட்டா வெளியிட்ட குறிப்பாணை அதை நான்கு கேள்விகளாக்கியது. நடந்ததை மன்னிக்கவோ குறைத்துப் பார்க்கவோ வைக்கும் நோயோ அனுபவமோ இருந்ததா? அது பணிக்காலத்தில் இருந்ததா? அந்தத் தவறுக்கும் அதற்கும் உண்மையிலேயே தொடர்பு உண்டா? தவறின் கனத்தை அது மிஞ்சுகிறதா?

குழு தீர்மானிப்பது இந்த நான்கையும் வைத்துத்தான். அவர் நல்ல பிள்ளையா என்பது அங்கே முதல் கேள்வி இல்லை. ஆகவே வாக்குமூலமும் மருத்துவர் கடிதமும் குடும்பத்தார் கடிதங்களும் இவற்றுக்கே பதில் சொல்ல வேண்டும். பலர் இரண்டாம் கேள்வியோடு நின்றுவிடுகிறார்கள்: நோய் இருந்தது, இதோ சான்றிதழ் என்று. வழக்கு நிற்பதும் விழுவதும் மூன்றாம் கேள்வியில். மூன்று இரவு தொடர்ந்து தூங்காமல், கஞ்சா இழுத்த இரவில் மட்டும் கண்மூடினார் என்றால் அப்படியே எழுத வேண்டும். மனநோயின் அறிகுறிகளுக்குத் தானே மருந்து தேடிக்கொள்வதைக் கருத்தில் கொள்ளலாம் என்று குர்ட்டா குறிப்பாணை வெளிப்படையாகவே சொல்கிறது. முகாமை விட்டுப் போன நாற்பது நாளுக்கும் இதே விளக்கம் தேவை: அதற்கு முந்தைய வாரம் என்ன நடந்தது, எங்கே போனார், யாரோடு இருந்தார், தானாகத் திரும்பினாரா, பிடித்து வந்தார்களா. தானாகத் திரும்பியிருந்தால் அதை முதல் பத்தியிலேயே சொல்லுங்கள்.

வாக்குமூலத்தில் மேலதிகாரியைத் திட்ட வேண்டாம். 'எல்லாரும்தான் புகைத்தார்கள்' வேண்டாம். நியூ ஜெர்சியில் இப்போது கஞ்சாவுக்குத் தடை இல்லை என்ற வாதமும் வேண்டாம்; ராணுவச் சட்டத்தில் அன்றும் குற்றம், இன்றும் குற்றம். செய்ததை ஒப்புக்கொண்டு, ஏன் நடந்தது என்பதை மூன்று நான்கு பக்கத்தில், தேதிகளோடு எழுதினால் போதும். அந்தத் தேதிகள் கோப்பில் உள்ளவற்றோடு முரண்படக் கூடாது. கோப்பை முதலில் வாங்கச் சொல்வது அதற்காகவும்தான்.

மருத்துவர் கடிதத்தில் நோயின் பெயர் மட்டும் இருந்தால் பயன் குறைவு. பணிக்கோப்பைப் படித்ததாகவும், எந்த அறிகுறி எந்தச் செயலுக்கு வழிவகுத்தது என்றும் அவர் எழுத வேண்டும். குடும்பத்தாரின் சாட்சியும் ஏற்கப்படும். 2012இல் தம்பி உங்களோடு பேசியது எப்படி மாறியது, எந்த மாதத்திலிருந்து அழைப்புகள் நின்றன என்று நீங்கள் எழுதலாம். பழைய மின்னஞ்சல்கள் இருந்தால் தேடி எடுங்கள். தமிழில் இருப்பவற்றை ஆங்கிலத்தில் பெயர்த்து, பெயர்த்தவரின் கையெழுத்திட்ட உறுதிமொழியோடு இணைக்க வேண்டும். அம்மாவின் கடிதம் வலுவானதாக இருக்கக்கூடும். அவரிடம் சொல்வதா என்பதைத் தம்பியே முடிவு செய்யட்டும், அவரை நெருக்காதீர்கள். கூடப் பணிசெய்த ஒரே ஒருவரின் கடிதம் கிடைத்தாலும் குழு அதற்குத் தனி மதிப்புத் தரும்.

சிகிச்சையைத் தீர்ப்பு வரும்வரை தள்ளிப்போட வேண்டியதில்லை. மொத்தம் 100 நாளுக்கு மேல் பணியாற்றி, போர்க்களப் பகுதிக்கும் போய் வந்தவர்களுக்கு, இதே 'அதர் தேன் ஆனரபிள்' சான்றோடு வி.ஏ.வில் மனநலச் சிகிச்சை பெற 2018இல் சட்டம் வந்தது. சில மருத்துவமனைகளில் பதிவு மேசையிலேயே 'உங்களுக்குத் தகுதியில்லை' என்று அனுப்பிவிடுகிறார்கள். அப்போது விண்ணப்பத்தைக் கொடுத்துவிட்டு, மறுப்பை எழுத்தில் கேட்க வேண்டும். அங்கே கிடைக்கும் நோயறிதல் குழுவின் முன் நல்ல ஆதாரம். மனம் மிகவும் தளரும் நேரத்தில் 988ஐ அழைத்து 1ஐ அழுத்தினால் முன்னாள் வீரர்களுக்கான உதவி கிடைக்கும். சான்று எந்த வகை என்று பார்த்துத்தான் பேசுவார்கள் என்ற தயக்கம் வேண்டாம்.

வி.ஏ.வில் இழப்பீட்டுக்கு விண்ணப்பித்தால், விடுவிப்பின் தன்மையை அவர்களே தனியாக ஆராய்வார்கள். தொடர்ச்சியாக 180 நாளோ அதற்கு மேலோ சொல்லாமல் போனவர்களுக்குச் சட்டத் தடை உண்டு. தம்பியின் நாற்பது நாள் அதற்குள் வராது. 2024 ஜூன் 25 முதல் இந்த விதிகள் மேலும் தளர்ந்துள்ளன. இரண்டு பாதையிலும் ஒரே நேரத்தில் போகலாம். ஆனால் வி.ஏ. சாதகமாகச் சொன்னாலும் டிடி 214இல் ஓர் எழுத்தும் மாறாது.

நீங்கள் கேட்காத, ஆனால் முக்கியமான ஒன்று: குடியுரிமை. ராணுவப் பணியின் பேரில் 2003 நவம்பர் 24க்குப் பிறகு குடியுரிமை பெற்றவர், மொத்தம் ஐந்து ஆண்டு நற்பணி முடிக்குமுன் 'அதர் தேன் ஆனரபிள்' நிலையில் வெளியேறினால், அதைப் பறிக்கச் சட்டம் இடம் தருகிறது. தம்பி பணியாற்றியது மூன்று ஆண்டு எட்டு மாதம். பதற வேண்டாம், ஆனால் அசட்டையாகவும் இருக்க வேண்டாம். போதைப்பொருள் பயன்படுத்தியதை எழுத்தில் ஒப்புக்கொள்ளும் வாக்குமூலம் வெளியே போகுமுன், ராணுவக் குடியுரிமை வழக்குகள் தெரிந்த குடிவரவு வழக்கறிஞர் ஒருவர் அதைப் படித்துவிட வேண்டும். சான்று, 'ஆனரபிள்' என்பதற்கு அடுத்த படியான 'ஜெனரல்' ஆக உயர்ந்தாலே இந்த ஆபத்துக்கான அடிப்படை போய்விடும். குடியுரிமை விஷயத்தில் 'ஜெனரல்' விடுவிப்பும் நற்பணியாகவே எண்ணப்படுகிறது.

ஆனாலும் படிவத்தில் 'ஜெனரல்' கேட்காதீர்கள். 'ஆனரபிள்' என்றே கேளுங்கள். கூடவே, வெளியேற்றத்தின் காரணமாக எழுதப்பட்டிருப்பதை 'செக்ரடேரியல் அதாரிட்டி' (துறைச் செயலரின் அதிகாரத்தில் என்ற பொதுவான காரணம்) என்று மாற்றவும், அதற்கேற்பச் சான்றில் உள்ள காரணக் குறியீட்டை மாற்றவும் கேளுங்கள். தரம் மட்டும் உயர்ந்து, டிடி 214இன் 28ஆம் கட்டத்தில் 'போதைப்பொருள்' அப்படியே நின்றால், வேலை கொடுப்பவர் கண்ணில் முதலில் படுவது அதுதான்.

ஆவணங்களை மட்டும் வைத்து ஆராய்வது, நேரில் விசாரிப்பது என்று மறுஆய்வுக் குழுவிடம் இரண்டு வாய்ப்பு உண்டு. முதலில் ஆவண ஆய்வு கேட்டுத் தோற்றால், பிறகு விசாரணை கேட்கலாம். முதலிலேயே விசாரணைக்குப் போய்விட்டால் ஆவண ஆய்வுக்குத் திரும்ப முடியாது. ஆனால் இரண்டுமே 15 ஆண்டுக்குள் கேட்கப்பட வேண்டும், ஒரு முடிவு வர ஓராண்டும் ஆகும், அதைத் தாண்டவும் செய்யும். 2027 தொடக்கத்துக்குள் விண்ணப்பம் தயாரானால் ஆவண ஆய்வில் தொடங்குங்கள். அதற்குமேல் தாமதமானால் நேராக விசாரணையே கேளுங்கள். அனுப்புவது எல்லாம் நகலாக இருக்கட்டும். வீடு மாறினால் முகவரியை உடனே தெரிவிக்க வேண்டும். குழுவின் கடிதம் கைக்கு வராமல் விசாரணை வாய்ப்பை இழந்தவர்கள் உண்டு.

என்விஎல்எஸ்பி எனச் சுருக்கமாக அழைக்கப்படும் தேசிய முன்னாள் படைவீரர் சட்ட உதவித் திட்டமும், பல சட்டக் கல்லூரிகளின் உதவி மையங்களும் இந்த வழக்குகளைக் கட்டணமின்றி எடுக்கின்றன. வெற்றி நிச்சயம் என்று சொல்லிப் பணம் கேட்பவரிடம் போகாதீர்கள். மறுஆய்வுக் குழு இரண்டு முறையும் மறுத்தால் பதிவுத் திருத்தக் குழு இருக்கிறது. அங்கே மூன்றாண்டுக் கெடு உண்டு என்றாலும் நீதியின் பொருட்டு அதைத் தளர்த்துவார்கள். அதற்கும் மேலே உள்ள இறுதி முறையீட்டுக் குழு 2019 டிசம்பர் 20 முதல் வெளியேறியவர்களுக்கு மட்டுமே; தம்பிக்கு அது பொருந்தாது.

படிப்பைப் பற்றி: 9/11க்குப் பிந்தைய ஜி.ஐ. பில் எனப்படும் முன்னாள் வீரர் கல்வி உதவிக்கு 'ஆனரபிள்' கட்டாயம், 'ஜெனரல்' போதாது. 2013 ஜனவரி 1 முதல் வெளியேறியவர்களுக்கு அந்த உதவியைப் பயன்படுத்தக் காலக்கெடு எதுவும் இல்லை. 36 மாதம் பணியாற்றியிருந்தால் முழு அளவு கிடைக்கும். சொல்லாமல் போன நாற்பது நாளைக் கழித்தாலும் தம்பிக்கு அதற்கு மேல் இருக்கிறது. புதிய டிடி 214 கைக்கு வந்ததும் அதை இணைத்து வி.ஏ.வில் 22-1990 படிவத்தை நிரப்பச் சொல்லுங்கள்.