கொம்பு வைத்த வண்டைப் பற்றி: வாசகர் கேள்வி பதில்

கேள்வி: ஜூன் மாதம், இருட்டுகிற நேரம். கொடியில் கிடந்த துணியை எடுக்கப் பின்பக்கம் போனேன். ஒரு பெரிய வண்டு ஙொய்யென்று தலைக்கு மேலே பறந்து போய் வேலியில் மோதி விழுந்தது. முகத்தில் மான்கொம்பு மாதிரி இரண்டு நீட்டிக்கொண்டிருந்தது. இது என்ன, கடிக்குமா? பிள்ளைகள் விளையாடும் இடம் என்பதால் பயமாக இருக்கிறது. (ஒரு வாசகி, டூட்டிங், லண்டன்)

பதில்: பயமே வேண்டாம். நீங்கள் பார்த்தது ஸ்டாக் பீட்டில், நம் வழக்கில் மான்கொம்பு வண்டு, அதிலும் ஆண். பிரிட்டனில் தரையில் வாழும் வண்டுகளிலேயே இதுதான் பெரியது, ஆண் ஏழரை சென்டிமீட்டர் வரை இருக்கும். கொம்பு என்று நாம் சொல்வது உண்மையில் அதன் தாடை. அது இன்னொரு ஆணைப் புரட்டித் தள்ளிப் பெட்டையைப் பிடிக்கத்தான், உங்களைக் கடிக்க அல்ல. அவ்வளவு நீளமான தாடையில் பெரிய அழுத்தம் இருக்காது. சிறிய தாடை உள்ள பெட்டைதான் விரலைக் கொடுத்தால் நன்றாகக் கவ்வும், அதுவும் நாம் பிடித்து நசுக்கினால் மட்டும். பிள்ளைகளைக் கூப்பிட்டுக் காட்டுங்கள், அவர்கள் மறக்கவே மாட்டார்கள். நடைபாதையில் கிடந்தால் மட்டும் மெல்ல எடுத்துப் பக்கத்திலேயே ஒரு செடி மறைவில் விடுங்கள், மனிதக் காலிலும் கார் சக்கரத்திலும் பூனை வாயிலும் போய்ச் சேருகிறவைதான் அதிகம்.

கேள்வி: பிள்ளைகளை அழைத்துப் போய்க் காட்ட வேண்டும். எங்கே, எப்போது தேடினால் கிடைக்கும்? (ஒரு வாசகர், குரோய்டன், தெற்கு லண்டன்)

பதில்: நீங்கள் இருக்கும் இடமே இதற்குப் பேர்போன இடம் என்பது தெரியுமா? தெற்கு லண்டனும் தேம்ஸ் பள்ளத்தாக்கும், ஹாம்ப்ஷயரில் நியூ ஃபாரஸ்ட் பக்கமும், வடக்கு எசெக்ஸ், சஃபோக் பகுதியும்தான் இங்கிலாந்தில் இது நன்றாகத் தென்படும் இடங்கள். வெதுவெதுப்பும், தோண்ட இலகுவான மண்ணும் வேண்டும், சுண்ணாம்புக் குன்றுகளில் அநேகமாக இருக்காது. ரிச்மண்ட் பார்க், விம்பிள்டன் காமன் எல்லாம் நல்ல இடங்கள்தான், ஆனால் அவ்வளவு தூரம் போக வேண்டும் என்றில்லை, பழைய மரங்கள் உள்ள சாதாரணத் தெருவே போதும்.

மே நடுவிலிருந்து ஜூலை வரை, காற்றில்லாமல் புழுக்கமாக இருக்கும் மாலையில், சூரியன் மறைகிற நேரத்தில் வெளியே நில்லுங்கள். ஆண்கள் பெட்டையைத் தேடி நெட்டுக்குத்தாக, கால்களைத் தொங்கவிட்டுக்கொண்டு தடுமாறிப் பறந்து வரும். பெட்டை பெரும்பாலும் நடந்தேதான் திரியும், அதனால் தரையையும் பார்த்துக்கொள்ளுங்கள். பகலில் போனால் பாதையோரத்தில் கொம்புள்ள தலையும் மார்பும் மட்டும் கிடக்கும், காக்கையும் மேக்பை பறவையும் சதையுள்ள வயிற்றைத் தின்றுவிட்டுப் போட்டவை. சில சமயம் அந்தத் தலை மட்டும் தாடையை அசைத்துக்கொண்டிருக்கும், பிள்ளைகளுக்கு முன்பே சொல்லி வையுங்கள். பார்க்க வருத்தம்தான், ஆனால் அந்த வட்டாரத்தில் இந்த வண்டு இருக்கிறது என்பதற்கு இதைவிட நல்ல அடையாளம் இல்லை. 1998 முதல் பீப்பிள்ஸ் டிரஸ்ட் ஃபார் எண்டேஞ்சர்ட் ஸ்பீஷீஸ் என்ற உயிரினப் பாதுகாப்பு அமைப்பு பொதுமக்களிடமிருந்து இந்தத் தகவல்களைச் சேகரித்து வருகிறது, செத்த வண்டைப் பார்த்தாலும் எழுதி அனுப்புங்கள்.

கேள்வி: கொம்பே இல்லாத கறுப்பு வண்டு ஒன்று எங்கள் தோட்டத்தில். பெட்டையா, வேறு வண்டா? (ஒரு வாசகி, நியூ மால்டன்)

பதில்: இங்கேதான் பலரும் தடுமாறுகிறார்கள், ஏனென்றால் சின்ன மான்கொம்பு வண்டு என்று அதே குடும்பத்தில் இன்னொன்று இருக்கிறது. நிதானமாக முதுகைப் பாருங்கள். பெரியதன் பெட்டைக்கு முதுகு ஓட்டில் கருஞ்சிவப்புப் பழுப்பும் மினுமினுப்பும் இருக்கும், தலை மார்பைவிடத் தெளிவாகக் குறுகியிருக்கும், நீளம் மூன்று முதல் ஐந்து சென்டிமீட்டர். சின்னது தலையிலிருந்து வால் வரை மங்கிய கறுப்பு, தலை அகன்று ஏறக்குறைய மார்பளவுக்கு இருக்கும், நீளம் மூன்று சென்டிமீட்டரைத் தாண்டுவது அபூர்வம். அப்படியும் சந்தேகமா? நடுக்காலைப் பாருங்கள், வெளிவிளிம்பில் ஒரே ஒரு முள் என்றால் சின்னது, பல முள் என்றால் பெரியதன் பெட்டை.

இரண்டுமே இல்லாமல் வேறு வண்டாக இருக்குமோ என்றால் மீசையைப் பாருங்கள். இந்தக் குடும்பத்துக்கு மீசை முழங்கை மாதிரி மடிந்து, நுனியில் சீப்புப் பல் போல நின்றிருக்கும். மே மாதம் விளக்குக்கு வந்து முட்டும் காக்சேஃபர் வண்டுக்கோ மீசை நுனி விசிறியாக விரிந்து மூடும்.

கேள்வி: பட்டுப்போன ஆப்பிள் மரத்தின் அடிக்கட்டையைத் தோண்டினேன், விரல் தடிமனில் வெள்ளைப் புழுக்கள். கொன்றுவிடவா? (ஒரு வாசகர், மிட்சம், தெற்கு லண்டன்)

பதில்: வேண்டவே வேண்டாம், எடுத்த இடத்திலேயே, அதே மரத்தோடு, உடனே மூடிவிடுங்கள். உடல் வெண்ணெய் நிறமாகச் சுருண்டு, தலையும் கால்களும் ஆரஞ்சு நிறமாக இருந்தால், மண்ணுக்கடியில் மக்கும் மரத்துக்குள் இருந்தால், அது அநேகமாக இந்த வண்டின் புழுதான். அது உயிருள்ள மரத்தைத் தொடாது, மக்கிய மரம்தான் அதன் சாப்பாடு. மூன்று வருடத்திலிருந்து ஏழு வருடம் வரை அப்படியே தின்று வளர்ந்து, பிறகு மண்ணுக்குள் கூடு கட்டி வண்டாகிறது. வெளியே வந்து பறக்கும் வாழ்க்கையோ சில வாரங்கள்தான். அதனால் நீங்கள் ஒரு அடிக்கட்டையைப் பிடுங்கினால் பல வருடத்து வண்டுகளை ஒரே நாளில் அழித்த மாதிரி ஆகும். தோட்டம் சுத்தமாக இருக்க வேண்டும் என்று நாம் காட்டும் அக்கறைதான் இதற்குப் பெரிய எதிரி என்று நான் உறுதியாகச் சொல்வேன். முடிந்தால் கை தடிமனான ஓக், பீச், ஆப்பிள் கட்டைகளை அரை மீட்டர் ஆழம் வரை நட்டு வையுங்கள், பைன் வகை வேண்டாம். கம்போஸ்ட் குவியலில் கிடைக்கும் புழு பெரும்பாலும் ரோஸ் சேஃபர் வண்டுடையது, அதுவும் தீங்கில்லாததே.

கேள்வி: எங்கள் தென்னந்தோப்பில் கொம்புள்ள வண்டு வருகிறது, இதுவும் அதுதானா? (ஒரு வாசகர், பொள்ளாச்சி)

பதில்: இல்லை, அது காண்டாமிருக வண்டு. தலையில் ஒற்றைக் கொம்பு, மேல்நோக்கி வளைந்திருக்கும், அது தாடை அல்ல. குருத்தைத் துளைப்பதால் மட்டை விரியும்போது கத்தரித்த மாதிரி தெரியும், அதன் புழு எருக்குழியில் வளரும், ஆகவே குழியைக் கிளறிப் பொறுக்குவது அவசியம். மான்கொம்பு வண்டுகள் நம் மேற்குத் தொடர்ச்சி மலைக் காடுகளிலும் உண்டு, ஓடோன்டோலாபிஸ் பர்மெய்ஸ்டெரி அவற்றில் ஒன்று. ஆனைமலைப் பக்கம் போகும்போது இரண்டு தாடை பக்கவாட்டில் அசையும் வண்டைப் பார்த்தால் படம் எடுத்துவிட்டு விட்டுவிடுங்கள்.

கேள்வி: இங்கே பிடித்து விற்கலாமா? ஜப்பானில் நல்ல விலை என்கிறார்களே. (ஒரு வாசகர், லண்டன்)

பதில்: கூடாது. 1981-ஆம் ஆண்டு வனவிலங்கு மற்றும் நாட்டுப்புறச் சட்டப்படி பிரிட்டனில் மான்கொம்பு வண்டை விற்பது குற்றம்.