முன்னாள் படைவீரர் சங்கங்களும் ஊரின் உயிர்காப்போரும்: கேள்வி பதில்

அமெரிக்காவில் வசிக்கும் தமிழர்கள், அங்குள்ள முன்னாள் படைவீரர் சங்கங்களைக் குறித்துக் கேட்டவற்றுக்கான பதில்கள்.

கேள்வி: ஓய்வுபெற்ற படைவீரர்களின் சங்கத்துக்கு ஊர்ப் பாதுகாப்பில் என்ன வேலை?

பதில்: உறுப்பினர்களின் ஓய்வூதியத்துக்காகவும் மருத்துவ உரிமைகளுக்காகவும் வாதாடுவதே இச்சங்கங்களின் முதற்பணி. வி.எஃப்.டபிள்யூ. என்னும் வெளிநாட்டுப் போர்வீரர் சங்கத்தின் வேர்கள் ஸ்பானிய-அமெரிக்கப் போருக்குப் பிந்தைய 1899இல் உள்ளன; அமெரிக்கன் லீஜன் 1919இல் பாரிஸில் கூடிய படைவீரர்களால் தொடங்கப்பட்டது. எனினும், சிற்றூர்களில்கூடக் கிளையும், பல கிளைகளுக்குச் சொந்த மண்டபமும் இருப்பதால், இரத்த தான முகாமுக்கும் புயற்காலத் தங்குமிடத்துக்கும் ஊரார் இயல்பாகவே அங்கு செல்கின்றனர். 1989இல் ஹியூகோ சூறாவளி தாக்கிய பின்னர், பேரிடரில் பாதிக்கப்படும் உறுப்பினர்களுக்கும் கிளைகளுக்கும் உதவ லீஜன் தனியே ஒரு நிதியையும் ஏற்படுத்தியது.

கேள்வி: எங்கள் ஊர்க் கிளை குருதிப்போக்கை நிறுத்தும் பயிற்சியை அறிவித்திருக்கிறது. மருத்துவம் படிக்காதவர்கள் இதில் இறங்கலாமா?

பதில்: தாராளமாக இறங்கலாம், இச்சங்கங்கள் ஊருக்குச் செய்யக்கூடியவற்றுள் இதையே முதலில் வைப்பேன். குருதியை நிறுத்தக் கை, கால்களில் கட்டும் இறுக்குப்பட்டை (டூர்னிகே) உறுப்பையே இழக்கச் செய்துவிடும் என்ற அச்சத்தால், அதைக் கடைசி வழியாகவே கருதும் வழக்கம் நெடுங்காலம் இருந்தது. ஈராக்கிலும் ஆப்கானிஸ்தானிலும் அதை உடனுக்குடன் கட்டிய அனுபவம் அந்தக் கருத்தை மாற்றியது. 2012இல் சாண்டி ஹூக் பள்ளியில் நடந்த துப்பாக்கிச் சூட்டுக்குப் பின் அறுவை மருத்துவர்கள் அந்த அறிவைப் பொதுமக்களிடம் கொண்டுசெல்ல முனைந்தனர். 2015இல் வெள்ளை மாளிகை ‘ஸ்டாப் தி பிளீட்’ (குருதிப்போக்கை நிறுத்து) இயக்கத்தைத் தொடங்கியது. காயத்துக்குச் சில அங்குலம் மேலே, மூட்டைத் தவிர்த்து, குருதி நிற்கும்வரை இறுக்கிக் கட்ட வேண்டும். கட்டிய நேரத்தைக் குறித்துவைக்க வேண்டும். போர்க்களத்தில் அதைக் கட்டிய ஒருவர் பயிற்சியில் உடனிருந்தால், வலியால் அலறுபவருக்கு மேலும் இறுக்கத் தயங்கும் கைகளுக்குத் துணிவு வரும்.

கேள்வி: உயிர்காத்தவர்களுக்கு விருது வழங்குவது சங்கத்தின் விளம்பரத்துக்காகத்தானே?

பதில்: விளம்பரமும் அதில் உண்டு, மறுப்பதற்கில்லை. வி.எஃப்.டபிள்யூ. ஆண்டுதோறும் தீயணைப்பு வீரர், காவலர், அவசர மருத்துவப் பணியாளர் என்னும் பிரிவுகளில் விருது வழங்குகிறது. கிளையில் தொடங்கும் பரிந்துரை மாநில அளவைக் கடந்து தேசிய அளவுக்குச் செல்லும். லீஜனும் ஆண்டின் சிறந்த காவலரையும் தீயணைப்பு வீரரையும் தேர்வு செய்கிறது. தன்னார்வத் தீயணைப்புப் படையை நம்பியிருக்கும் சிற்றூர்களில், ஊதியமின்றி நள்ளிரவில் எழுந்து ஓடுபவருக்குக் கிடைக்கும் பொது அங்கீகாரம் இந்த மேடை ஒன்றாகவே இருக்கலாம் என்பதால், விளம்பரத்தை நான் பெரிதுபடுத்துவதில்லை. பட்டயம் வழங்கிய மண்டபத்திலேயே ஏ.இ.டி. என்னும் இதய மின்னதிர்வுக் கருவியின் மின்கலம் தீர்ந்து கிடப்பதுதான் என் மனக்குறை. இதயம் நின்றவருக்கு மார்பழுத்தமும் மின்னதிர்வும் கிடைக்காத ஒவ்வொரு நிமிடமும் பிழைக்கும் வாய்ப்பு ஏறத்தாழ 7 முதல் 10 விழுக்காடு குறைகிறது.

கேள்வி: தற்கொலைத் தடுப்பும் இவர்களின் பாதுகாப்புப் பணியில் சேருமா?

பதில்: நிச்சயமாகச் சேரும். லீஜனின் ‘பி தி ஒன்’ இயக்கமும், உறுப்பினர்களைத் தொலைபேசியில் அழைத்து நலம் விசாரிக்கும் வழக்கமும் அதற்கானவையே. நெருக்கடியிலுள்ள படைவீரர்கள் 988ஐ அழைத்து 1ஐ அழுத்தினால் அவர்களுக்கான உதவி கிடைக்கும்.

கேள்வி: நான் படைவீரர் அல்லர். நீச்சல் குளத்தில் ஒரு சிறுவனைக் காப்பாற்றிய மருத்துவ உதவியாளரின் பெயரை எவ்வாறு முன்வைப்பது?

பதில்: தங்கள் ஊர்க் கிளையின் தலைவரை, அதாவது கமாண்டரை, நேரில் அணுகுங்கள். பரிந்துரையைக் கிளையே அனுப்ப வேண்டியிருக்கலாம் என்றாலும், அதற்கான விவரங்களைத் தாங்கள் எழுதிக் கொடுக்கலாம். ‘தன்னலமற்றவர்’, ‘மாவீரர்’ போன்ற அடைமொழிகளால் தாளை நிரப்பாமல், நாள், இடம், அவர் வந்து சேர்ந்தபோது சிறுவன் இருந்த நிலை, அவர் செய்த முதலுதவி ஆகியவற்றை வரிசையாக எழுதி, அவருடைய மேலதிகாரியின் கடிதத்தையும் இணையுங்கள். சிறுவனின் பெயரையோ உடல்நிலை விவரத்தையோ மேடையில் வாசிப்பதற்கு முன் பெற்றோரின் இசைவை எழுத்தில் பெற்றுக்கொள்ளுங்கள்.