வினிப்பெக்குக்குப் போகலாமா? – வாசகர் கேள்வி பதில்

கனடாவின் மனிற்றோபா மாகாணத்தில் உள்ள வினிப்பெக் நகரில் முதியோர் இல்லம் ஒன்றில் பல வருடங்கள் வேலை செய்து, இப்போது கிளிநொச்சி உருத்திரபுரத்தில் வயலும் வீடுமாக இருக்கும் அக்கா இந்த இதழில் உங்கள் கேள்விகளுக்குப் பதில் தருகிறார்.

மனிற்றோபா மாகாணத்தின் தெரிவில் என் மகனுக்கு நிரந்தர வதிவிடம் கிடைக்கும் போலிருக்கிறது. ஸ்காபரோவில் இருக்கும் என் தம்பி, "வினிப்பெக்கா? அது ஐஸ்பெட்டி. நம்மட சனமும் இல்லை. ரொறன்ரோவுக்கு வரச் சொல்லுங்கோ" என்கிறார். என்ன செய்வது?
– ஒரு தாய், புதுக்குடியிருப்பு

அம்மா, உங்கள் தம்பி அக்கறையில்தான் சொல்கிறார். ஆனால் ரொறன்ரோவில் இருப்பவர்களில் அநேகம் பேர் வினிப்பெக்கை விமானத்திலிருந்துகூடப் பார்த்ததில்லை. அங்கே வாழ்ந்தவள் சொல்கிறேன்: உங்கள் மகன் உழைத்து, கல்யாணம் கட்டி, பிள்ளை குட்டியோடு ஓரிடத்தில் நிலைக்க நினைக்கிறவர் என்றால் அது நல்ல ஊர்.

முதல் காரணம் வீடு. ரொறன்ரோப் பக்கம் தனிவீடு மில்லியன் டொலர் கணக்கில் போகிறது. வினிப்பெக்கில் அதில் பாதிக்கும் குறைந்த காசுக்கு, பின்வளவோடு வீடு வாங்கலாம். என்னோடு இரவு வேலை செய்த பிலிப்பைன்ஸ் பெண் ஒருத்தி, கணவன் பஸ் கட்டும் தொழிற்சாலையில், இரண்டு பேருக்கும் சாதாரண சம்பளம். வந்து சில வருடங்களுக்குள் வீடு வாங்கிப் பின்வளவில் தக்காளி நட்டாள். அதே காலத்தில் ஸ்காபரோவில் என் சொந்தக்காரர்கள் ஆளுக்கு இரண்டு வேலை செய்துகொண்டு, நிலக்கீழ் அறையில் வாடகைக்கு இருந்தார்கள். அவர்களின் உழைப்பில் ஒரு குறையும் இல்லை, விலைதான் அப்படி.

கார் காப்புறுதியை மாகாண அரசே 1971 முதல் நடத்துகிறது. ரொறன்ரோவில் கட்டுகிற காசைக் கேட்டால் வினிப்பெக்கில் உள்ளவர்கள் வாயடைத்துப் போவார்கள். மின்சாரம் ஏறக்குறைய முழுவதும் ஆற்றுத் தண்ணீரிலிருந்து வருவதால் கட்டணமும் குறைவு. 2021 கணக்கெடுப்பில் நகரத்தின் சனத்தொகை ஏழரை இலட்சத்துக்குச் சற்றுக் குறைவு. வேலைக்குப் போக அரை மணித்தியாலம் போதும். பின்னேரம் பிள்ளையோடு இருந்து சாப்பிட நேரம் கிடைக்கும்.

குறையும் உண்டு. ஆஸ்பத்திரி, முதியோர் இல்லம், லொறி, தொழிற்சாலை இவற்றில் வேலை எடுக்கலாம். வங்கி, கணினி என்று மேலே ஏற நினைக்கும் பிள்ளைக்கு ரொறன்ரோவில் உள்ள அளவு வாய்ப்பு அங்கே இல்லை. உங்கள் மகனின் படிப்பு எது என்று நீங்கள் எழுதவில்லை. அதைப் பொறுத்துத்தான் முடிவெடுக்க வேண்டும்.

இன்னொன்றை அழுத்திச் சொல்கிறேன். 1998 முதல் மனிற்றோபா இப்படி ஆட்களைத் தெரிவு செய்கிறது. "இங்கே வந்து இருப்பேன்" என்று விண்ணப்பத்தில் எழுதிக் கொடுப்பதை நம்பித்தான் தெரிவு செய்கிறார்கள். அப்படி எழுதிவிட்டு, இறங்கின கையோடு ஸ்காபரோவுக்கு டிக்கெட் போடுவது நேர்மையில்லை. பின்னால் வரப்போகிற நம் பிள்ளைகளின் பெயரும் அதில் கெடும். ரொறன்ரோதான் வேண்டும் என்றால் அதற்குரிய வழியில் போகட்டும்.

மைனஸ் 30 என்றால் எப்படி இருக்கும்? அதற்குள் எப்படிப் படிக்கப் போவது, வேலைக்குப் போவது?
– உயர்தர மாணவி, மல்லாவி

தங்கச்சி, ஜனவரி இரவுகளில் மைனஸ் 20 சர்வசாதாரணம். சில நாட்கள் மைனஸ் 30. காற்றும் சேர்ந்தால் மைனஸ் 40 போல உறைக்கும். அந்த நேரத்தில் மூடாத தோல் 10 நிமிடத்துக்குள் உறைந்து காயப்படும். வாசலைத் திறந்து முதல் மூச்சை இழுத்ததும் மூக்கின் உள்மயிர் விறைத்து ஒட்டுவது தெரியும். வாயைச் சுற்றிய சால்வையில் நம் மூச்சே வெள்ளையாகப் படியும்.

அங்கே ஓடும் கார்களைப் பார்த்தால், முன்பக்கத்தில் ஒரு வயர் பிளக்கோடு தொங்கும். முதன்முதலில் பார்க்கிறவர் ஏதோ கழன்று விழுகிறது என்றுதான் நினைப்பார். எஞ்சினைச் சூடாக வைத்திருக்கும் ஹீற்றரின் வயர் அது. இரவில் வீட்டுச் சுவரில் உள்ள பிளக்கில் மாட்டிவிட்டுப் படுக்க வேண்டும். இல்லையென்றால் காலையில் எஞ்சின் ஒயில் தார் மாதிரித் தடித்துக் கிடக்கும், கார் ஸ்டார்ட் வராது. எங்கள் வேலையிடத்துக் கார் தரிப்பிடத்திலும் வரிசையாகப் பிளக் வைத்திருந்தார்கள். இரவு முழுக்க நின்ற காரின் டயர் நிலத்தில் பட்ட பக்கம் தட்டையாகி விறைத்திருக்கும். கொஞ்சத் தூரம் போகும்வரை "டக் டக்" என்று அடித்துக்கொண்டே ஓடும், அப்புறம் சரியாகிவிடும்.

இதெல்லாம் பழகும். வீட்டுக்குள் 21 பாகையில் அரைக்கைச் சட்டையோடு இருக்கலாம். நகர நடுவில் பல கட்டடங்களை மேலே மூடிய நடைபாதைகளால் இணைத்திருக்கிறார்கள். வெயிலும் உண்டு, கடும் குளிர் நாட்களில்தான் வானம் சுத்த நீலமாக இருக்கும்.

என்னைக் கஷ்டப்படுத்தியது குளிரின் நீளம். நவம்பரில் விழுகிற பனி மார்ச் கடைசியிலும் கிடக்கும். டிசம்பரில் காலை எட்டு மணிக்கும் விடிந்திருக்காது, பின்னேரம் நாலரைக்கு இருட்டிவிடும். ஜன்னல் இல்லாத இடத்தில் வேலை செய்கிறவருக்குக் கிழமைக் கணக்கில் சூரியனைக் காணக் கிடைக்காது. மனம் சோரும். அந்த மாதங்களில் உடற்பயிற்சி, கோயில், நண்பர் வீடு என்று எதையாவது பிடித்துக்கொள்ள வேண்டும். வேலை, படுக்கை என்று மட்டும் இருக்கக்கூடாது.

ஜூனில் எல்லாம் தலைகீழ். இரவு ஒன்பதரைக்கும் வெளிச்சம் இருக்கும், பகலில் 30 பாகை வரும். நுளம்பும் வரும், நம் ஊரைவிட மோசமாக!

நான் இரணைமடுத் தண்ணீரில் காலபோகம் செய்கிறவன். அங்கே கமம் எப்படி? வெள்ளம் உண்டா?
– விவசாயி, வட்டக்கச்சி

அண்ணை, நீங்கள் கேட்டது எனக்குப் பிடித்த விஷயம். வினிப்பெக் இருப்பது ஒரு பழைய பேரேரியின் அடித்தளத்தில். உறைபனிக் காலம் முடிந்தபோது தேங்கியிருந்த அகாசி ஏரி வற்றிப்போய் விட்டுச்சென்ற களிமண் சமவெளி அது. கண்ணுக்கு எட்டிய தூரம் ஒரு மேடு கிடையாது. கோதுமையும், மஞ்சள் பூப்பூக்கும் கனோலாவும் பரந்து கிடக்கும். ஒரு குடும்பம் ஆயிரக்கணக்கான ஏக்கர் செய்கிறது. கோடையில் ஒரே போகம்தான். அந்த அளவில் நிலமும் மெசினும் வாங்கப் பெரும் முதல் வேண்டும். நம்மவர் போனவுடன் கமம் செய்யலாம் என்று நினைக்க வேண்டாம்.

வெள்ளம் உண்டு. அங்கே ஓடும் சிவப்பு ஆறு நம் கனகராயன் ஆற்றைப் போலவே வடக்கு நோக்கி ஓடுகிறது. பிரச்சினையே அதுதான். வசந்தத்தில் தெற்கே பனி முதலில் உருகித் தண்ணீர் வரும். வடக்கே ஆறு இன்னும் உறைந்து கிடக்கும். வந்த தண்ணீர் போக வழியில்லாமல் ஊருக்குள் ஏறும். 1950 இல் ஏறக்குறைய ஒரு இலட்சம் பேர் வீடுகளை விட்டு வெளியேறினார்கள்.

அதற்குப் பிறகு டஃப் ரொப்ளின் என்ற மாகாண முதல்வர், நகரத்தைச் சுற்றி 47 கிலோமீற்றருக்கு வெள்ளவாய்க்கால் வெட்ட வேண்டும் என்று நின்றார். காசை மண்ணில் கொட்டுகிறார் என்று திட்டினார்கள், "டஃப்பின் கிடங்கு" என்று கேலி செய்தார்கள். 1962 இல் தொடங்கி 1968 இல் வெட்டி முடித்தார்கள். 1997 இல் பெருவெள்ளம் வந்தபோது அந்த வாய்க்கால்தான் நகரத்தைக் காப்பாற்றியது. ஆனால் வாய்க்காலுக்குத் தெற்கே, செயின்ட் அகத் என்ற சிற்றூர் அந்த வருடம் முழுதாகத் தண்ணீரில் மூழ்கியது. நகரத்தைக் காக்க எங்களை மூழ்கவிடுகிறீர்களா என்று மேல்பகுதி விவசாயிகள் கேட்பது இன்றைக்கும் உண்டு. 2018 டிசம்பரில் இரணைமடு வான்கதவுகளைத் திறந்த இரவை அனுபவித்த உங்களுக்கு அந்தக் கேள்வியின் கனம் தெரியும்.

மகன் எங்கள் இருவரையும் தன்னோடு வந்து இருக்கச் சொல்கிறார். எனக்கு 66, அவருக்கு 71. போய் இருக்கலாமா?
– ஒரு அம்மா, முள்ளியவளை

அம்மா, இங்கேதான் என் பதில் மாறுகிறது. பிள்ளைகளுக்கு வினிப்பெக் நல்லது. உங்கள் வயதில் போய் நிரந்தரமாக இருப்பதற்கு நான் உடன்பட மாட்டேன்.

ஸ்காபரோ என்றால் கதை வேறு. கதவைத் திறந்தால் தமிழ்க்கடை, கோயில், தமிழ் பேசும் டொக்டர். வினிப்பெக்கில் செயின்ட் ஆன்ஸ் சாலையில் இந்துக் கோயில் இருக்கிறது, நல்ல மனிதர்கள் வருகிறார்கள், ஆனால் பேச்சு பெரும்பாலும் ஹிந்தியும் ஆங்கிலமும். தமிழ்க் குடும்பங்கள் உண்டு. ஆளுக்கொரு மூலையில், ஆளுக்கொரு வேலை நேரத்தில். மகனும் மருமகளும் காலையில் போனால் பின்னேரம் வருவார்கள். பேரப்பிள்ளை பள்ளிக்கூடம். நீங்கள் இருவரும் ஜன்னலோரம். பனியில் சறுக்கி விழுந்து இடுப்பெலும்பு உடைந்தால் என்ன ஆகும் என்பதை வேலையில் நிறையப் பார்த்தவள் நான். ரொறன்ரோவுக்கு ஒருக்கால் போய்வரலாம் என்றால் காரில் ஏறக்குறைய 2,200 கிலோமீற்றர். இலங்கையின் நீளத்தைப் போல ஐந்து மடங்கு.

எங்கள் இல்லத்தில் உக்ரேன் நாட்டு மூதாட்டி ஒருவர் இருந்தார். வாழ்நாள் முழுக்க ஆங்கிலம் பேசியவர். மறதி நோய் முற்றியதும் ஆங்கிலம் போய்விட்டது, சின்ன வயசுப் பாஷை மட்டும் மிஞ்சியது. வாராவாரம் தவறாமல் வந்த பேரப்பிள்ளைகளுக்கு அவர் கேட்பது விளங்கவில்லை. தண்ணீர் கேட்கிறாரா, அம்மாவைத் தேடுகிறாரா என்று தெரியாமல் கையைப் பிடித்துக்கொண்டு இருப்பார்கள். நான் இங்கே திரும்பி வந்ததற்கு அந்த அறையில் கண்டதும் ஒரு காரணம்.

மகனைப் பார்க்காமல் இருங்கள் என்று சொல்லவில்லை. பெற்றோருக்கான சூப்பர் விசாவில் ஒரு முறை போனால் 5 வருடம் வரை இருக்கலாம். அதற்குத் தனியார் மருத்துவக் காப்புறுதி கட்டாயம். மாகாணத்தின் இலவச வைத்தியம் அந்த விசாவுக்குக் கிடைக்காது. முழுக் காலமும் இருக்க வேண்டும் என்றில்லை. வைகாசியில் வற்றாப்பளைப் பொங்கல் முடித்துவிட்டுப் புறப்படுங்கள். பேரப்பிள்ளையின் கோடை விடுமுறை முழுக்கக் கூட இருங்கள், கதை சொல்லுங்கள், தமிழ் பழக்குங்கள். ஐப்பசிக்குள் வீடு திரும்பிவிடுங்கள்.

வினிப்பெக் ஆபத்தான ஊர் என்று இணையத்தில் வாசித்தேன். உண்மையா?
– வாசகர், மாங்குளம்

ஓரளவு உண்மை. கனடாவின் பெருநகரங்களில் வன்முறைக் குற்றம் கூடிய இடங்களில் அதுவும் ஒன்று. சைக்கிள் களவு, கார்க் கண்ணாடி உடைப்பு நிறைய. காருக்குள் பையை வைத்துவிட்டு இறங்கக்கூடாது. நகர நடுவிலும் வடமுனைப் பகுதியிலும் இரவில் தனியே நடப்பதைத் தவிர்க்கலாம். மற்றப் பகுதிகளில் நான் நள்ளிரவு வேலை முடித்துப் பயமில்லாமல் வீடு வந்திருக்கிறேன்.

ஆனால் ஒன்று. அந்த நகரத்தில் பூர்வகுடி மக்கள் பெருந்தொகையாக வாழ்கிறார்கள். நம் ஆட்கள் சிலர் அவர்களைத் தாழ்வாகக் கதைப்பதைக் கேட்டு எனக்குக் கடும் கோபம் வந்திருக்கிறது. வினிப்பெக் குடிக்கிற தண்ணீர் 150 கிலோமீற்றருக்கு அப்பால் உள்ள ஷோல் ஏரியிலிருந்து வருகிறது. 1919 இல் அந்தத் தண்ணீரைக் கொண்டுவரும் வாய்க்கால் முடிந்தது. அதற்காக அங்கிருந்த ஷோல் லேக் 40 என்ற பூர்வகுடிக் கிராமத்தை வெட்டித் தீவாக்கிவிட்டார்கள். நகரத்துக்கு நல்ல தண்ணீர் போய்க்கொண்டிருக்க, அந்தக் கிராமத்துச் சனம் 1997 முதல் 2021 வரை தண்ணீரைக் கொதிக்க வைத்துத்தான் குடிக்க வேண்டியிருந்தது. வெளியே வர நிரந்தரப் பாதை கிடைத்ததே 2019 இல்தான். பிள்ளைகளைப் பெற்றோரிடமிருந்து பிரித்து விடுதிப் பள்ளிகளில் அடைத்த கொடுமையும் அந்த மக்களுக்கு நடந்தது. காணியும் பிள்ளைகளும் பறிபோவது என்னவென்று வன்னிச் சனத்துக்கு யாரும் விளக்கத் தேவையில்லை. போகிற பிள்ளைகள் இதைத் தெரிந்துகொண்டு போங்கள்.

போகும்போது என்ன கொண்டு போவது?
– வாசகர், பரந்தன்

மிளகாய்த்தூள், ஒடியல், படிப்புச் சான்றிதழ்களின் உறுதிப்படுத்திய பிரதிகள். கொழும்பில் குளிர்ச்சட்டை வாங்கிக் காசை வீணாக்க வேண்டாம். அந்தக் குளிருக்கு அது காணாது. மேலங்கியும் சப்பாத்தும் அங்கேயே, பழைய சாமான் கடையில் நல்லதாகக் கிடைக்கும். கையுறை ஐந்து விரலும் பிரிந்ததாக எடுக்காமல், நாலு விரலும் ஒன்றாக இருக்கிறதாகப் பார்த்து எடுக்கவும்.