பழைய மெஷினில் கம்ப்யூட்டர் பூ போடுமா?

கேள்வி: மிதிக்கிற மெஷினில் ஜாக்கெட் தைத்துப் பிழைக்கிறேன். கம்ப்யூட்டர் எம்ப்ராய்டரி மெஷின் வாங்க வசதியில்லை. இன்ஜினியரிங் படிக்கும் கொழுந்தன் மகன், "இதையே மாத்தித் தாறேன் பெரியம்மா" என்கிறான். நம்பலாமா?
- ஒரு வாசகி, திங்கள்நகர்

பதில்: நம்பலாம் தங்கச்சி. ஆனால் சோறு போடும் மெஷினில் மட்டும் கைவைக்க விடாதீர்கள். பழைய கறுப்பு மெஷின் ஒன்று வாங்கிக் கொடுங்கள்.

ஃபுட்டைக் கழற்றி, துணியைத் தள்ளும் பல்லை இறக்கிவிட்டு, வட்டச் சட்டத்தைக் கையால் நகர்த்திப் பூ போடுவார்களே, அந்தக் கையின் வேலையை இரண்டு ஸ்டெப்பர் மோட்டார்கள் (சொன்ன அளவு மட்டும் சின்னச் சின்னப் படியாகச் சுற்றி நிற்பவை) செய்யும். ஒன்று சட்டத்தை இடம் வலமாக இழுக்கும், மற்றது முன்னும் பின்னும். 3டி பிரிண்டரில் வரும் அதே நேமா 17 மோட்டார், பல் பெல்ட், மோட்டாருக்குக் கட்டளை கொடுக்க ஆர்டுயினோ என்ற சின்னக் கம்ப்யூட்டர் போர்டு ஒன்று. ஊசியும் பாபினும் எப்போதும்போல ஓடும்.

சிக்கல் வருவது நேரத்தில்தான். ஊசி துணிக்குள் இருக்கும்போது சட்டம் நகர்ந்தால் ஊசி ஒடியும். அதனால் கைச்சக்கரத்தில் சின்னக் காந்தம் ஒன்றை ஒட்டி, பக்கத்தில் ஹால் சென்சார் (காந்தம் கிட்டே வந்தால் உணரும் சின்னக் கருவி) வைக்க வேண்டும். ஊசி மேலே வந்துவிட்டது என்று அது சொன்ன பிறகே சட்டம் நகர வேண்டும். நிமிடத்துக்கு 300 தையல் என்றால் ஒரு தையலுக்கு 0.2 வினாடி. அதிலும் ஒரு பங்கு நேரம்தான் ஊசி வெளியே இருக்கும். அதற்குள் சட்டம் போய்ச் சேர்ந்து அசையாமல் நிற்க வேண்டும். பையன் வேகம் காட்டப் பார்ப்பான், விடாதீர்கள். சட்டம் எவ்வளவு கனம் குறைவோ அவ்வளவு நல்லது.

மிதித்தே ஓட்டலாமா? ஓட்டலாம். ஆனால் மிதிமெஷின் தொடங்கும்போது சில நேரம் பின்பக்கம் சுற்றும். நூல் சிக்கும். சென்சாருக்குத் திசை தெரியாது, அது பாட்டுக்கு ஒரு தையல் எண்ணிவிடும். போதாததற்கு, ஒரு சதுர அங்குலம் நிரப்பவே ஏறக்குறைய 2000 தையல் ஆகும். கால் என்னத்துக்கு ஆகும்? மெஷினுக்குப் பின்னால் மாட்டும் சின்ன மோட்டார் போட்டுக்கொள்ளுங்கள்.

4 அங்குலச் சட்டத்தோடு நிறுத்திக்கொள்ளலாம். ஜாக்கெட் முதுகு முழுவதும் ஒரே மாட்டலில் வராது. கலர் மாற்றுவதும் நூல் வெட்டுவதும் நீங்களேதான். பூ பாதியில் இருக்கும்போது கரண்ட் போனால், சட்டம் எங்கே நின்றது என்பது போர்டுக்கு மறந்துபோகும். நம் ஊர் மழையில் இது சாதாரணம் என்பதால் இன்வெர்ட்டர் லைனில் மாட்டுங்கள். கடற்காற்றுக்கு, சட்டம் ஓடும் கம்பிகள் துருப்பிடிக்கும், எண்ணெய்த் துணியால் துடையுங்கள்.

பெயர், பேட்ஜ், கைக்குட்டைப் பூ எல்லாம் இதில் நன்றாக வரும். கோயில் பீட விரிப்பு ஆர்டர் வந்தால் கையாலேயே செய்யுங்கள். நாகர்கோவிலில் 1820-களில் மார்த்தா மால்ட் அம்மையார் லேஸ் பின்னக் கற்றுக்கொடுத்த மாவட்டம் இது. கைவேலையை இங்கே பார்த்தவுடன் கண்டுபிடித்துவிடுவார்கள், கூலியும் தனி.

கேள்வி: இதற்கு டிசைன் போடும் சாஃப்ட்வேர் என்ன விலை?
- ஒரு வாசகர், குளச்சல்

பதில்: இலவசம். இங்க்ஸ்கேப் என்ற படம் வரையும் சாஃப்ட்வேரில் இங்க்ஸ்டிச் என்ற துணைச் சாஃப்ட்வேரைச் சேர்த்துக்கொண்டால், வரைந்த படத்தைத் தையலாக மாற்றி ஜி-கோடாகவும் (மோட்டார் எங்கே நகர வேண்டும் என்று சொல்லும் கட்டளை வரிகள்) தரும். முதலில் உள்ளே நிரப்பாமல் வெறும் கோடாக வரும் எழுத்தில் ஒரு பெயர் தைத்துப் பாருங்கள். துணிக்கு அடியில் பேப்பர் வைக்க மறந்தால் சுருங்கிவிடும்.