சார்ட்டில் திரும்பியவர், கட்டிலில் திரும்பவில்லை

கேள்வி: 30 படுக்கை மெடிக்கல் வார்டில் இன்சார்ஜ் நர்ஸ் நான். 2 மணி நேரத்துக்கு ஒருமுறை நோயாளியைத் திருப்பியதாகச் சார்ட் முழுக்க டிக் விழுகிறது. படுக்கைப்புண் மட்டும் குறையவில்லை. ஏன்?

பதில்: சார்ட்டை மூடிவிட்டு நோயாளியைப் பாருங்கள். சொல்லாமல் கொள்ளாமல் பகல் 3 மணிக்கும் அதிகாலை 3 மணிக்கும் போய், 'இடப்பக்கம்' என்று எழுதப்பட்டவர் எப்படிப் படுத்திருக்கிறார் என்று குறியுங்கள். பொருந்தாவிட்டால் மெமோ கொடுக்காதீர்கள். கொடுத்தால் டிக் இன்னும் ஒழுங்காக விழும், அவ்வளவுதான். கனத்த உடம்பைத் திருப்ப இரண்டு பேர் வேண்டும். நைட் டியூட்டியில் அந்த இரண்டாவது ஆள் யார்? ஒரு வாரம், ஆறு கட்டில்களுக்கு மட்டும், உதவியாளர் வரும் நேரத்தை முடிவுசெய்து, டிரா ஷீட்டோடு (நோயாளியைத் தூக்கித் திருப்ப உடம்புக்கு அடியில் விரிக்கும் துணி) செய்து பாருங்கள். சரிப்பட்டால் மற்ற கட்டில்களுக்கும் கொண்டுபோங்கள்.

திருப்புவதிலும் தவறு நடக்கிறது. 90 டிகிரி சாய்த்தால் பாரம் முழுக்க இடுப்பெலும்பில் இறங்கும். முதுகுக்குத் தலையணை கொடுத்து 30 டிகிரி போதும். கெண்டைக்காலுக்கு அடியில் தலையணை வைத்துக் குதிகாலை மெத்தையில் படாமல் விடுங்கள். தண்ணீர் நிரப்பிய கையுறையை வைக்கும் பழக்கம் இன்னும் போகவில்லை, அதை விட்டுவிடுங்கள். சிவந்த இடத்தை விரலால் அழுத்தி எடுங்கள். வெளுக்காவிட்டால் அதுவே முதல் நிலைப் புண். மாநிறம், கறுப்புத் தோலில் சிவப்பு எளிதில் தெரியாது. சூடு, கடினம், வலி ஆகியவற்றைத் தொட்டுத்தான் அறிய வேண்டும்.

கணக்கு: தினம் சராசரியாக 27 பேர் என்றால் 30 நாளில் 810 நோயாளி நாட்கள் (ஒருவர் ஒரு நாள் இருந்தால் ஒன்று). புதிய புண் 3 என்றால், 3-ஐ 810-ஆல் வகுத்து 1000-ஆல் பெருக்க, 3.7. அதாவது 1000 நோயாளி நாட்களுக்கு 3.7 புதிய புண். வீட்டிலிருந்தே புண்ணோடு வந்தவரை இதில் சேர்க்கக் கூடாது. அதற்கு அட்மிஷன் அன்றே உடம்பு முழுக்கப் பார்த்து எழுதியிருக்க வேண்டும். ஒரு மாத எண்ணை வைத்துப் பாராட்டவும் வேண்டாம், திட்டவும் வேண்டாம். மாதாமாதம் வரைபடத்தில் குறித்து வாருங்கள்.

கேள்வி: வார்டு குளுக்கோமீட்டர் சர்க்கரை 320 காட்டியது, லேபில் 180. மிஷின் கெட்டுவிட்டதா?

பதில்: முதலில் விரலைச் சந்தேகியுங்கள். பழம் உரித்த விரலை ஸ்பிரிட்டால் துடைத்தால் போதாது. சோப்பால் கழுவி, ஈரம் போகத் துடைத்துவிட்டுக் குத்துங்கள். டெக்ஸ்ட்ரோஸ் டிரிப் ஓடும் கையும் வேண்டாம். பிறகு கன்ட்ரோல் திரவத்தை (சர்க்கரை அளவு முன்பே தெரிந்த திரவம்) ஸ்டிரிப்பில் விட்டு மிஷினைச் சோதியுங்கள். ஸ்டிரிப் டப்பாவில் அச்சிட்ட எல்லைக்குள் வராவிட்டால் புது ஸ்டிரிப்பில் ஒருமுறை. அப்போதும் வராவிட்டால் மிஷினை ஒதுக்கிவையுங்கள். டப்பாவைத் திறந்த தேதியை அதன்மேலேயே எழுதுங்கள். மூடி திறந்து கிடந்தால் ஈரம் ஏறி ஸ்டிரிப் வீணாகும்.